வாசம் வந்தால் உடனே சொல்

ஐஸ் ஃபேக்டரியில் அவருக்கு மூக்கர் என்று பெயர் விழுந்து பதினாறு வருடம் ஆகிறது. மூக்கு ஒன்றும் பெரிதில்லை. முகத்துக்கு அளவான மூக்குதான். ஆனால் குழாயில் அம்மோனியா மயிரிழை கசிந்தாலும், சுவரில் மாட்டியிருக்கும் கருவி கத்துவதற்கு முன்னால் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். முதலாளி கருவியைவிட மூக்கரைத்தான் நம்பினார். கருவிக்கு வருடம் ஒருமுறை சோதனை உண்டு. மூக்கருக்கு அதுவும் கிடையாது.

கம்ப்ரசர் அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘வாசம் வந்தால் உடனே சொல்.’ அங்கே அம்மோனியாவை யாரும் நாற்றம் என்று சொல்வதில்லை, வாசம்தான். யாருக்கு வாசம் தட்டினாலும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு “வாசம்!” என்று கத்த வேண்டும். தப்பாகக் கத்தினால் திட்டு இல்லை, கேலி இல்லை. தெரிந்தும் கத்தாமல் இருந்தால் மறுநாள் வேலை இல்லை. கத்தியதும் மூக்கர் வருவார். கந்தகம் தோய்த்த குச்சியைக் கொளுத்தி, குழாயை ஒட்டினாற்போல் மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். கசிவு இருக்கும் இடத்தில் குச்சியின் புகை திடீரென்று பால் போல் வெளுக்கும். அங்கே முடுக்கினால் தீர்ந்தது. குழாய் கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசி, அழுது, ஓய்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவள் தையல்காரி. முன் அறையில் மிஷின், துணி மூட்டைகள், ஆள் உயரக் கண்ணாடி. அளவெடுக்க வரும் பெண்களிடம் அவள் அதிகம் பேசமாட்டாள். நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தலையசைப்பிலேயே எல்லாம் கேட்டு முடிப்பாள். மற்ற நேரத்தில் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். சிரித்தால் புறங்கை தானாக வாய்க்கு மேல் வரும். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். அடக்கமானவள் என்று மூக்கர் நினைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருட ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவள் டீ டம்ளரை வைத்துவிட்டு, “சூடா இருக்கு, பார்த்து” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு வாசம் தட்டியது. மிக மெல்லிசு. வேறு எவன் மூக்குக்கும் எட்டியிருக்காது. மூக்கர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். அதில் இருந்தது. இருபது வருடம் அம்மோனியாவுக்குள் நின்ற ஆளின் சட்டையில் இல்லாமல் எங்கே போகும்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் ஃபிட்டரைக் கேட்டார். “உன் மேல வாசம் ஒட்டுதாடா?”

“ஒட்டுதாவா? என் வீட்டுக்காரி என்னைக் கதவுக்கு வெளியவே நிறுத்திச் சட்டையைக் கழட்டச் சொல்றா அண்ணே. பொதுக் கக்கூஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்காம் அவளுக்கு. ஏன், அண்ணி உங்களை ஒண்ணும் சொன்னதில்லையா?”

“இல்லையே.”

“இத்தனை வருஷமாவா? உங்களைக் கட்டிக்கிட்டதுக்கே அண்ணிக்கு ஒரு சிலை வைக்கணும்ணே.”

ஃபிட்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டான். மூக்கருக்கு அது முள்ளாகத் தைத்தது. இத்தனை வருடமும் அவள் சகித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து ஃபேக்டரியிலேயே குளித்துவிட்டுக் கிளம்பினார். யூனிபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார். செருப்பை மாற்றினார். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்தார். அப்படியும் வாசம் போகவில்லை. ஆகவே அவளைவிட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார். கட்டிலில் சுவரோரம் ஒதுங்கி முதுகைக் காட்டிப் படுத்தார். என் நாற்றம் அவளுக்கு எதற்கு என்று நினைத்தார். நினைத்ததை வாய் திறந்து சொல்லவில்லை.

அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது.

கோடை வந்ததும் அவள் இளைத்தாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். “எதை வாயில வெச்சாலும் துருப்பிடிச்ச ஆணியைச் சப்புற மாதிரி இருக்கு” என்றாள் ஒருநாள். சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கின. கேட்டால், “நாள் பூரா மிஷின் மிதிச்சா வீங்காம என்ன பண்ணும்?” என்றாள். கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கேட்டால், துணித் தூசி. மூக்கர் ஒவ்வொரு பதிலையும் அப்படியே வாங்கிக்கொண்டார். ஒரு வால்வு இத்தனை சாக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிரித்துப் போட்டிருப்பார்.

“டாக்டரைப் பார்ப்போமா?”

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். “நீங்கதான் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் சோப்புப் போட்டு மினுக்குறீங்க. யாருக்காக?”

“உனக்காகத்தான்.”

“நம்பிட்டேன்” என்று புறங்கைக்குள் சிரித்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை ஃபேக்டரியைப் பத்து நாள் மூடி, மிஷின்களைப் பிரித்துச் சுத்தம் பண்ணுவார்கள். அந்த வருடம் வெளி ஆட்களை விட்டுப் பண்ணினார்கள். மூக்கருக்கு விடுமுறை. நாலு நாள் கம்ப்ரசர் பக்கமே போகவில்லை. உடம்பில் பழைய துணி ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வாசம் முன்னைவிடத் தூக்கலாக இருந்தது.

அவர் பையில் இருந்த கந்தகக் குச்சி ஒன்றை எடுத்துக் கொளுத்தினார். செருப்பு அலமாரி, குளியலறை சாக்கடைத் துளை, ஃபிரிட்ஜின் பின்பக்கம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார். புகை மெல்லிசாகவே போயிற்று. எங்கேயும் வெளுக்கவில்லை.

“வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?” மிஷினிலிருந்து அவள் கேட்டாள்.

“வாசம் வருது.”

மிஷின் நின்றது. “என்ன வாசம்?”

“அம்மோனியா. எங்க ஃபேக்டரி வாசம்.”

“உங்க சட்டையில இருக்கும்” என்றாள். மிகவும் அவசரமாகச் சொன்னாள்.

கந்தகப் புகை அவளுக்கு இருமலைக் கிளப்பியது. ஜன்னலைத் திறக்க எழுந்து வந்தவள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தபோது இருமினாள். கை வாய்க்குப் போக மறந்துவிட்டது. ஒரே ஒரு மூச்சு. குச்சிக்குத் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு மாதமாகத் தன்னைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய மனிதர் குச்சியும் கையுமாக நின்றார். ஃபேக்டரியாக இருந்தால் கத்தியிருப்பார்.

“என்ன?” என்றாள் அவள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி.

“ஒண்ணும் இல்ல. என் பிரமை.” குச்சியைத் தண்ணீர் மக்கில் முக்கி அணைத்தார்.

பல்லில் ஏதோ சொத்தை என்று நினைத்தார். பெண்டாட்டி முகத்துக்கு நேரே உன் வாய் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். நாலு நாள் மென்று விழுங்கினார். கடைசியில் மருந்துக் கடைக்குப் போய் வாய் கொப்பளிக்கும் மருந்து பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கினார். பச்சை நிறம். குளியலறை அலமாரியில், அவளுடைய பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டு வந்தார். காரியத்தை நாசூக்காக முடித்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றே நாளில் பாட்டில் பாதியானது. அலமாரிக்குப் புதிதாக நாக்கு வழிக்கும் தகடு ஒன்று வந்தது. அவள் அவரோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதை விட்டாள். என்ன கேட்டாலும் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். ஒரு காலையில் வாஷ்பேசினில் சிவப்பாகத் துளிகள் இருந்தன. மூக்கர் குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டார். அன்றைக்கும் கேட்கவில்லை.

ஃபேக்டரி திறந்த பத்தாவது நாள், பல் டாக்டர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. உங்கள் மனைவி இங்கே இருக்கிறார், உடனே வாருங்கள் என்றார்கள். போனபோது அவள் வெளி பெஞ்சில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சின் அடுத்த ஓரத்துக்குப் போனாள்.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நரைத்த தலை, சுற்றி வளைக்காத பேச்சு.

“உங்க மனைவி எல்லாப் பல்லையும் பிடுங்கிடச் சொல்றாங்க.”

மூக்கர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“என் பல்லைவிட நல்ல பல்லு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை விளக்குறாங்களாம். நாக்கைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கி வெச்சிருக்காங்க. முக்கால்வாசிப் பேருக்கு வாய் நாத்தம்னா நாக்குல படிஞ்ச அழுக்கு, இல்லன்னா ஈறு. சுத்தம் பண்ணினா போயிடும். இது அது இல்ல. உள்ளேர்ந்து மூச்சோட வருது. அம்மோனியா மாதிரி ஒரு வாடை. எவ்வளவு நாளா இருக்கு?”

“ஆறு மாசமா.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “உங்களுக்கு ஆறு மாசமா தெரியுமா?”

“என் மேலேர்ந்து வருதுன்னு நினைச்சேன். நான் வேலை பார்க்கிற இடம் அப்படி.” பாட்டிலைப் பற்றி அவர் சொல்லவில்லை.

“நம்ம வாய் வாடை நமக்குத் தெரியாதுங்க. மூக்கு பழகிடும். கூட இருக்கிறவங்கதான் சொல்லணும். அதுக்கு மிஷின் கிஷின் எதுவும் கிடையாது.” ஒரு தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். “பெரிய ஆஸ்பத்திரியில கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை. இப்பவே இங்கேர்ந்து நேரா போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க.”

போனார்கள். ஆட்டோவில் அவள் வெளியே பார்த்தபடி வந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போயிருந்தன. ரத்த அழுத்தம் பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கழிவு வெளியேறாமல் ரத்தத்தில் தங்கி, மூச்சில் வருகிறதாம். இருதயமும் தளர்ந்திருந்தது. “ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். இனிமே வாரம் மூணு நாள் மிஷின்தான்.”

ரத்தம் சுத்தம் செய்யும் அறை நீளமாக இருந்தது. எட்டு நாற்காலி, எட்டு மிஷின். அவள் கழுத்தில் செருகிய குழாய் வழியாக ரத்தம் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. மூக்கர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்கயும் குச்சி கொளுத்தப் போறீங்களா?” என்றாள்.

நாலாவது தடவை முடியும் நேரத்தில், அவரை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

“ஒண்ணு கேட்பேன். மறைக்காம சொல்லணும். இப்ப நாறுதா?”

அவர் குனிந்தார். அவள் வாயைத் திறந்து, அவர் முகத்தின் மேல் மெதுவாக மூச்சு விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விட்டாள்.

“லேசா இருக்கு” என்றார். “முன்ன மாதிரி இல்ல.”

அவள் தோள் தளர்ந்தது. “இல்லவே இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த பாட்டிலை வெச்சீங்களே. வாயாலயே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“முன்ன ஒரு தடவை சொன்னவர்தானே நீங்க.”

“நானா? எப்போ?”

“கல்யாணமாகி ரெண்டாவது மாசம். ஒருநாள் காலையில கண் முழிச்சதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம்னு காதுகிட்ட வந்தேன். கண்ணைக்கூடத் திறக்கல நீங்க. ‘வாய் நாறுது, போய் விளக்கிட்டு வா’ன்னீங்க.”

“நான் சொன்னேனா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா வந்து சொன்னாரு?” சிரித்தாள். கை மேலே வரவில்லை, அதில் மருந்து ஏற்றும் ஊசி குத்தியிருந்தது. “தூங்கி எழுந்தா எச்சில் காஞ்சு எல்லார் வாயும் அப்படித்தான் இருக்குமாம். பல் டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அது அப்போ தெரியல. அவ்வளவு பெரிய மூக்கு, தப்பாவா சொல்லும்னு இருந்துட்டேன். அதுலேர்ந்துதான் கிராம்பு. அளவெடுக்கும்போது ஊசியைக் கவ்விக்கிறது. இந்த வருஷம் நீங்க தள்ளித் தள்ளிப் படுத்ததும், சரி, கிராம்புக்கும் அடங்கலபோலன்னு நினைச்சேன்.”

மூக்கருக்கு அந்தக் காலை ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. சும்மா, வால்வில் வாசம் என்று சொல்வது போல் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார்.

“அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?”

“ஒண்ணும் பெருசா இல்ல. தூக்கத்துல நீங்க சிரிச்சீங்க. நல்லா வாய்விட்டுச் சிரிச்சீங்க. அதைச் சொல்லலாம்னு வந்தேன்.”

நர்ஸ் வந்து குழாயைக் கழற்றும்போதும் மூக்கர் நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை.

அதன் பிறகு எட்டு வாரம் கிடைத்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்குத் தண்ணீர்கூட அளவுதான். கிராம்பு டப்பா மூடியபடியே இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அவர் பக்கம் திரும்பி “ஊதட்டுமா?” என்பாள். அவர் முகர்ந்து உள்ளதைச் சொல்வார். “இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல்.” “இன்னிக்குச் சாதாரண நாத்தம்தான், ஊர்ல எல்லாருக்கும் இருக்கிறது.” அவளும் அவரை ஊதச் சொன்னாள். முகத்தைச் சுளித்து, “கடவுளே, இதை வெச்சுக்கிட்டா என்னைச் சொன்னீங்க?” என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் பேசாததையெல்லாம் பேசினாள். அளவெடுக்க வந்த ஒவ்வொருத்தியின் கதையும் அவளிடம் இருந்தது. ஊசியைக் கவ்விக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தவளாயிற்றே.

ஒன்பதாவது வாரம், ஒரு முற்பகல், ஆஸ்பத்திரியில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இருதயம் நின்றது. ஒரு வாடிக்கைக்காரி மகள் சட்டையின் அளவைத் தன் சட்டைக்குக் கொடுத்துவிட்டு வந்து சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அவ என்ன சொன்னா தெரியுமா” என்றாள். அதோடு சரி. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். இருபது நிமிடம் பார்த்தார்கள்.

வீட்டில் எந்த வாசமும் இல்லாமல் போயிற்று. ஜன்னலைச் சாத்தி வைத்துப் பார்த்தார். தலையணையை முகர்ந்தார். துவைத்த சோப்பு வாசம்தான் இருந்தது. அவரே துவைத்தது.

மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். ஃபிட்டர் கேலி எதுவும் பேசவில்லை. பெஞ்சைத் துடைத்துவிட்டு, “உட்காருங்கண்ணே” என்றான்.

மத்தியானம் இரண்டாம் கம்ப்ரசர் பக்கம் தனியாகப் போனபோது வாசம் தட்டியது. மிக மெல்லிசு. சுவர்க் கருவி சும்மா இருந்தது. மூக்கர் நின்றார். கத்த வேண்டும். கதவில் பலகை இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். குழாய்க்கும் பெண்டாட்டிக்கும் அவர் மூக்கு வித்தியாசம் பார்க்கவில்லை. அந்த ஆறு மாதமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் இருந்த அதே வாசம். ஆறேழு மூச்சு அப்படியே நின்றார்.

ஃபிட்டர் கையில் ஸ்பேனரோடு அந்தப் பக்கம் வந்தான். அவர் நிற்பதைப் பார்த்துத் தயங்கினான். “என்னண்ணே? ஏதாவது இருக்கா?”

“வாசம்!” என்று மூக்கர் கத்தினார். அறை அதிரக் கத்தினார். ஃபிட்டர் ஒரு அடி பின்னால் போனான். அடுத்த அறையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

அவர் குச்சியைக் கொளுத்தினார். குழாயை ஒட்டி நகர்த்தினார். மூன்றாவது வால்வின் கழுத்தில் புகை பால் போல் வெளுத்தது. ஸ்பேனரை வாங்கி முடுக்கினார். கால் சுற்றுதான். நின்றுவிட்டது.